வருமான ஏற்ற இறக்கமும் நடுவயது மூளைத் திறனும்: டெல்டா கிராமங்களில் எப்படி அளப்பது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்தில் ஆறு கிராமங்களில் 40 முதல் 59 வயது வரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு செய்யப் போகிறோம். இளவயதிலிருந்து இன்றுவரை குடும்ப வருமானம் போன போக்குக்கும், இன்றைக்கு அவர்களுடைய நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதுகலை சமூகப்பணி ஆய்வேடு. களத்தில் இரண்டு பேர், ஐந்து மாதம்.

முன்னோட்டத்தில் மூன்று இடத்தில் முட்டுகிறது. "மாத வருமானம் எவ்வளவு?" என்றால் எல்லோரும் ஏழாயிரம், எட்டாயிரம் என்று ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். "இருபது வருஷத்துக்கு முந்தி எப்படி இருந்தது?" என்றால் "கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாவது, மூளைத் திறனைப் பார்க்கும் 30 மதிப்பெண் சோதனையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் எல்லோருமே கீழே வருகிறார்கள். நடவுக்கு ஆள் கூட்டி, எட்டுப் பேர் கூலியை மனக்கணக்காகவே பிரித்துக் கொடுக்கிற அம்மாவுக்கு 21 வந்தால் அதை மூளைத் திறன் குறைவு என்று எப்படி எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:

அளக்கிற முறைக்குப் போவதற்கு முன் கேள்வியையே கொஞ்சம் பிரித்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைவாக இருப்பது ஒன்று, அந்தக் குறைவு எத்தனை வருஷம் நீடித்தது என்பது வேறு, இருந்தது திடீரென்று சரிந்தது என்பது இன்னும் வேறு. மூன்றையும் ஒரே சராசரியில் கொட்டினால் ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவின் கார்டியா ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. 1985-86இல் பர்மிங்காம், சிகாகோ, மினியாபோலிஸ், ஓக்லாந்து ஆகிய நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரை 5,115 பேரைச் சேர்த்தார்கள். இதய நோய்க்காகத் தொடங்கியதுதான், ஆனால் வருமானத்தையும் சில வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுவந்தார்கள். 2010இல் அவர்கள் ஐம்பதை ஒட்டியிருந்தபோது மூளைத் திறனைச் சோதித்தார்கள். 2017இல் வெளிவந்த கட்டுரைப்படி, அந்த 25 ஆண்டுகளில் வறுமையில் கழிந்த காலம் கூடக் கூட மதிப்பெண் இறங்கியது. "மூளைத் திறன் குறைந்ததால்தான் வருமானம் போயிருக்கும்" என்று எதிர்த்திசையிலும் வாதாடலாம் அல்லவா? அதற்காக நன்கு படித்தவர்களை மட்டும் தனியே எடுத்தும் பார்த்தார்கள், போக்கு மாறவில்லை.

உங்களுக்கு அதைவிட முக்கியம் 2019இல் வந்த கட்டுரை. 3,287 பேர், 1990 முதல் 2010 வரை. முந்தைய தடவையைவிட வருமானம் 25 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து, அந்த ஆளின் சொந்தச் சராசரிக்கும் கீழே போனால்தான் அது ஒரு "சரிவு". அப்படி இரண்டோ அதற்கு மேலோ சரிவைக் கண்டவர்கள், ஒன்றும் காணாதவர்களைவிட யோசிக்கும் வேகத்திலும், கவனத்தை ஒழுங்குபடுத்தும் திறனிலும் பின்தங்கியிருந்தார்கள். எம்ஆர்ஐ எடுத்த 707 பேரில் மூளையின் மொத்தப் பருமனும் குறைவாகத் தெரிந்தது. ஆகவே நினைவாற்றல் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வேகத்தை அளக்காவிட்டால் தேடிப்போனதையே தவறவிடுவீர்கள்.

நம்மூர்ப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள், 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஒரே ஆளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பணம் வருமுன் கைநெருக்கடியில் மதிப்பெண் குறைவு, வந்தபின் கூடுதல். இதையும் கார்டியாவையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. கரும்பு ஆய்வு காட்டுவது அந்த நேரத்து நெருக்கடி மனத்தை அடைத்துக்கொள்வதை. பணம் வந்தால் அது விலகுகிறது. கார்டியா காட்டுவது வருஷக்கணக்கில் சேர்ந்த தேய்மானத்தை. நீங்கள் தேடுவது இரண்டாவதை. முதலாவது உங்கள் அளவீட்டுக்குள் புகுந்து கெடுக்கக்கூடியது. எந்த மாதத்தில் சோதிக்கிறீர்கள் என்பது இதனால்தான் முக்கியம்.

நாலு மா:

வருமானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டெல்டாவில் வருமானத்துக்கு மாதம் என்ற அலகே இல்லை. ஆற்றில் தண்ணீர் திறந்ததிலிருந்து அடுத்த தண்ணீர் திறப்பு வரை ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டு, குறுவை, சம்பா, தாளடி, கோடை உளுந்து பயறு என்று போகம் போகமாகக் கேளுங்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் என்று வெட்டினால் ஒரு சம்பா இரண்டு வருஷத்தில் பிளந்துபோகும், இல்லாத சரிவு முளைக்கும்.

நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. படிவத்தில் "ஏக்கர்" என்று மட்டும் இருந்தால், "ஆறு" என்ற பதிலைக் கேள்வி கேட்கிறவர் ஆறு ஏக்கர் என்று எழுதிவிடுவார். அலகுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். மூட்டைக்கும் அப்படித்தான். வீட்டில் சொல்லும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. ஆறு மாவில் 60 மூட்டை என்றால் 3,600 கிலோ, அதாவது 90 சிப்பம். இதை 60 சிப்பம் என்று பதிந்தால் மூன்றில் ஒரு பங்கு வருமானம் காகிதத்திலேயே காணாமல் போகும். சொந்த நிலமா, குத்தகையா, கோயில் நிலமா என்று கேட்டு, குத்தகை நெல்லைக் கழியுங்கள். வைக்கோல், ஆடு மாடு, உளுந்து, வெளியூரிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வதற்குக் காரணம் பயம். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், காப்பீட்டுத் திட்டத்துக்கு 1,20,000 என்று வரம்பு இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தோடு வந்து வருமானம் கேட்டால் கார்டை வெட்டப் போகிறார்கள் என்றே நினைப்பார்கள். அது நியாயமான பயம். படிவத்தில் பெயரோ ரேஷன் கார்டு எண்ணோ இல்லாமல் வெறும் குறியீட்டு எண் போடுங்கள், அதை அவர்கள் கண் முன்னாலேயே எழுதுங்கள். திண்ணையில் நாலு பேர் நடுவில் வருமானத்தைக் கேட்கவே கேட்காதீர்கள்.

பழைய வருஷங்களுக்கு "எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு பெரிய தாளில் வருஷங்களைக் குறுக்கே எழுதி, எல்லோருக்கும் தெரிந்த நாட்களை முதலில் நட்டுவையுங்கள்: 1977 நாகை புயல், 2004 சுனாமி, 2016-17 வறட்சி, 2018 நவம்பர் கஜா, 2020 ஊரடங்கு. அதற்கடியில் அவர்கள் கல்யாணம், பிள்ளை பிறப்பு, பாகப்பிரிவினை. அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நகை எந்த வருஷம் அடகுக்குப் போனது, எந்த வருஷம் திருப்பினார்கள், எது மூழ்கிப்போனது? வருமானத்தை மறந்தவர்கள்கூட, தாலிச் செயின் வங்கிக்குப் போன வருஷத்தை மறப்பதில்லை. மாடு விற்றது, நிலம் ஒத்திக்குப் போனது, பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பியது எல்லாம் இதே வகை. சரிவு இருக்கும் இடம் தானாகப் புள்ளியாக விழும். அந்த வருஷத்தையும் அதற்கு முந்திய வருஷத்தையும் மட்டும் போகவாரியாகத் துருவிக் கேட்டால் போதும்.

சரிவை எண்ணுவது இப்படி. ஐந்து புள்ளிகளில், இன்றைய விலைக்கு மாற்றிய பிறகு, ஒரு குடும்பத்தின் வருமானம் 1,20,000, 1,50,000, 90,000, 1,40,000, 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,20,000. ஒன்றரை லட்சத்திலிருந்து 90,000 என்பது 40 விழுக்காடு வீழ்ச்சி, சராசரிக்கும் கீழே, ஆகவே சரிவு. 1,40,000இலிருந்து ஒரு லட்சம் என்பது 28 விழுக்காட்டுக்கு மேல், அதுவும் சராசரிக்குக் கீழே. ஆக இரண்டு சரிவு. பக்கத்து வீட்டில் ஐந்து தடவையும் 1,20,000 என்றால் அதே சராசரி, சரிவு சுழியம். சராசரியை மட்டும் எழுதினால் இந்த இரண்டு வீடும் ஒன்றாகிவிடும்.

விலைமாற்றத்துக்கு விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். வீட்டு வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது வழக்கம். நாலு பேர் என்றால் இரண்டால்.

இன்னொன்று. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, 2020இல்தான் மறுபடி திறந்தது. அந்த எட்டு வருஷமும் போர் மோட்டார் உள்ளவர் குறுவை போட்டார். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவருக்கு ஒரு போகம் போனது. ஒரே கிராமத்துக்குள் இந்த ஒப்பீடு கிடைப்பது அபூர்வம், அவசியம் பதியுங்கள். மோட்டார் போடக் கையில் காசு இருந்தவர்தான் போட்டிருப்பார் என்பதால் 2012க்கு முந்திய நிலையும் வேண்டும்.

பாமணி:

அந்த அம்மாவுக்கு 21 வந்தது அவர் குறையல்ல, சோதனையின் குறை. 30 மதிப்பெண் சோதனைகளில் பாதி, பள்ளிக்கூடப் படிப்பைத்தான் சோதிக்கிறது: எழுது, படம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. மோக்கா என்ற 30 மதிப்பெண் சோதனையில் 12 ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டச் சொல்கிறார்கள். ஒன்றாம் வகுப்போடு நின்றவருக்கும் பன்னிரண்டு முடித்தவருக்கும் அதே ஒன்று என்பது போதாது. படிப்பறிவு குறைந்தவர்களுக்கென்று அதிலேயே தனி வடிவம் இருக்கிறது, பயிற்சியும் அனுமதியும் பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மேலும் அவையெல்லாம் நோயைச் சந்தேகிக்கும் கருவிகள். 45 வயதில் நீங்கள் தேடுவது நோயல்ல, சிறு வித்தியாசம். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வில், 45-49 வயதில் தொடங்கியவர்களுக்குப் பத்து ஆண்டில் பகுத்தறியும் திறன் 3.6 விழுக்காடுதான் இறங்கியது. அதைப் பிடிக்க நேரம் வைத்து அளக்கும் சோதனைகள் வேண்டும்.

எழுத்து தேவைப்படாத நாலைச் சொல்கிறேன். பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டி ஐந்து சுற்று திருப்பிச் சொல்லவைத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்பது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள் பெயர் சொல்கிறார் என்பது. குறியீட்டுப் பொருத்தம், அதாவது மாதிரியைப் பார்த்து எந்த எண்ணுக்கு எந்தக் குறி என்று வேகமாகப் பொருத்துவது. பிறகு எண் ஸ்ட்ரூப். இந்தக் கடைசியைத்தான் கரும்பு விவசாயிகளிடமும் பயன்படுத்தினார்கள். அட்டையில் "5 5 5" என்று இருக்கும். எத்தனை இலக்கம் என்பதுதான் கேள்வி, சரியான பதில் "மூணு". வாய் "அஞ்சு" என்று வரப் பார்க்கும், அதை அடக்கிச் சரியானதைச் சொல்ல ஆகும் நேரமும் தவறுகளின் எண்ணிக்கையும்தான் அளவு. ரூபாய் நோட்டும் கைப்பேசி எண்ணும் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோராலும் இதைச் செய்ய முடியும்.

களத்தில் கெடுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களில். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து இருக்கும், கண்ணாடி இருக்காது. அட்டை தெரியாமல் தடுமாறுவதை மூளை வேகம் என்று பதிந்துவிடுவீர்கள். 1.5, 2, 2.5 பவரில் படிக்கும் கண்ணாடி மூன்று பையில் இருக்கட்டும். காது: முகத்தைப் பார்க்காமல் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்ன மூன்று எண்களைத் திருப்பிச் சொல்லவில்லை என்றால், சொற்பட்டியல் மதிப்பெண்ணைத் தனியே குறித்துவையுங்கள். தேதி கேட்கும்போது "ஐப்பசி பத்து" என்றால் அது சரியான பதில், நாட்காட்டியில் ஒத்துப் பாருங்கள். விலங்குப் பட்டியலில் பசு, காளை, கன்று மூன்றும் ஒன்றா மூன்றா என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவையுங்கள். நடுவில் மாற்றினால் முதல் ஐம்பது பேர் வீண். சொற்பட்டியலில் நாற்று, வரப்பு, மடை என்று ஒன்றோடொன்று சேரும் சொற்களைப் போடாதீர்கள், ஒன்று அடுத்ததை இழுத்துவரும். பேரப்பிள்ளை பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுப்பதைத் தடுக்க, அந்தப் பிள்ளைக்கு ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்துவிடுவது நல்ல வழி.

காலம் பற்றி குடமுருட்டி சொன்னதில் டெல்டாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதற்காக எல்லோரையும் ஒரே மாதத்தில் சோதித்தால் மட்டும் போதாது. நிலக்காரருக்கு ஐப்பசி கார்த்திகையில் கை வறண்டிருக்கும், சம்பா நெல் போட்ட பின் மாசியில் பணம் வரும். கூலிக்காரருக்கு நடவு, களையெடுப்பு நாட்களில்தான் காசு. அறுப்பு மெஷினுக்குப் போய்விட்டதால் தை மாசியில்கூட அவருக்குப் பெரிதாக இல்லை, சித்திரை வைகாசி வெறுமை. ஒரே மாதத்தில் ஒருவர் நிறைவிலும் மற்றவர் நெருக்கடியிலும் இருப்பார். அதனால் ஒவ்வொரு சோதனைத் தாளிலும் இரண்டு எண்களைப் பதியுங்கள்: கடைசியாகக் கைக்குப் பணம் வந்து எத்தனை நாள், அடுத்த கடன் தவணைக்கு எத்தனை நாள். குழு லோன் வசூல் நாளன்று காலையில் அந்தத் தெருவுக்கே போகாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. நகைக் கேள்வியையும் தவணை நாளையும் படிவத்தில் சேர்த்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். மொத்தம் 60 பேரிடம் எடுக்கத் திட்டம், போதுமா? ரத்த அழுத்தம், சர்க்கரையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவற்றின் பாதிப்பைப் பகுப்பாய்வில் தனியே பிரித்துக் கழித்துவிட வேண்டுமா?

அரசலாறு:

60 போதாது. இரண்டு சம குழுக்களை ஒப்பிட, குழுவுக்கு வேண்டிய ஆட்கள் சுமாராக 16ஐ, எதிர்பார்க்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு. வித்தியாசத்தைத் திட்டவிலக்க அலகில், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவில், வைக்க வேண்டும். 0.3 என்று எதிர்பார்த்தால் 16 வகுத்தல் 0.09, குழுவுக்கு 178 பேர். முப்பது முப்பது பேரை வைத்தால் 0.73 அளவு பெரிய வித்தியாசம்தான் கண்ணில் படும், அவ்வளவு பெரிது இங்கே வராது. "தொடர்பு இல்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். இரண்டு பேர் ஐந்து மாதத்தில் நாளுக்கு நாலு பேர் என்று போனால் 350 எட்டக்கூடியதுதான். முடியாவிட்டால் 60 பேரோடு, "கேள்வித்தாள் இங்கே வேலை செய்கிறதா" என்பதையே ஆய்வாக வையுங்கள். அது மதிப்புக் குறைந்த வேலை இல்லை.

ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது. வருமானம் சரிந்ததும் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார், தூக்கம் கெடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, மூளையின் நுண்குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. அழுத்தம் இந்த வழியின் நடுவில் நிற்கிறது. அதைக் கழித்தால், வருமானத்தின் விளைவில் ஒரு பகுதியையே கழித்துவிட்டு "வருமானத்துக்குப் பங்கில்லை" என்பீர்கள். கழிக்காமல் ஒரு கணக்கு, கழித்து ஒரு கணக்கு, இரண்டையும் காட்டுங்கள். வயது, பாலினம், குழந்தைப் பருவ நிலை இவற்றைக் கழிக்கலாம். குழந்தைப் பருவத்துக்குப் பத்து வயதில் கூரை வீடா ஓட்டு வீடா, சொந்த நிலம் இருந்ததா, அப்பா அம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர்களா என்று மூன்று கேள்வி போதும். சத்துணவை மட்டும் கோடாக வைத்து ஆட்களைப் பிரிக்காதீர்கள். 1982இல் விரிந்த திட்டம் என்றாலும் காமராஜர் கால மதிய உணவு அதற்கு முன்பே பல பள்ளிகளில் இருந்தது.

அழுத்தம் பார்க்கும்போது: டீ, வெற்றிலை பாக்கு புகையிலை, பீடி எதுவும் அரைமணி நேரத்துக்குள் கூடாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவையுங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி. வயலிலிருந்து ஏறிவந்த உடனே எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். நாற்பது வயதிலிருந்தே மேல் எண்ணை 130க்குள் வைப்பது பிற்கால மறதிநோயைத் தள்ளிப்போட உதவும் என்பது மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் பரிந்துரை. கூடுதலாக இருந்தால் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதையும் சொல்லுங்கள்.

மூளைச் சோதனை மதிப்பெண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், அது நோய்க் கணிப்பு அல்ல. மறதி தொந்தரவு செய்கிறது என்று அவராகச் சொன்னால், பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் அங்கே அடிக்கடி இருக்கும்.

வெண்ணாற்றங்கரை:

கடன் பற்றிக் கேட்கும்போது சிலர் உடைந்து அழுகிறார்கள். அப்போது படிவத்தைத் தொடரலாமா?

அரசலாறு:

தொடர வேண்டாம். பேனாவை மூடி வைத்துவிடுங்கள். "உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராமல், வீட்டில் அவர் நம்பும் ஒருவரை அவர் சம்மதத்தோடு பக்கத்தில் அழையுங்கள். அங்கிருந்தே 14416க்கு, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, அழைத்துப் பேசக் கொடுங்கள், தமிழில் பேசுவார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் இருக்கிறதா என்று விசாரித்து, பூட்டிவைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த நடைமுறையை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்கப் போவது இதைத்தான். அன்றைக்கு எடுத்த சோதனைத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வேறொரு நாள் அவர் விரும்பினால் மாற்றுச் சொற்பட்டியலோடு போங்கள்.